லினக்ஸ் கணினியும் கம்பியில்லா இணைப்பும்: ஒரு சிறு வரலாறு



சென்ற பள்ளி விடுமுறையின்போது கணினிக் கூடத்து அலமாரியைத் துப்புரவு செய்தேன். அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதனுள் பத்து யூ.எஸ்.பி. கம்பியில்லா இணைப்பிகள் கிடந்தன. கடைக்காரர்கள் 'டோங்கல்' என்று சொல்லும் கட்டைவிரல் அளவுக் கருவிகள்தாம். அவற்றைக் கண்டதும் 2008ஆம் ஆண்டில் நான் பட்ட வெட்கம் நினைவுக்கு வந்தது. அந்த வெட்கத்தின் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருந்தது என்பதை நான் பின்னர்தான் அறிந்துகொண்டேன். அவ்வரலாற்றை எழுதி வைப்பது பயனுள்ளது என்று கருதுகிறேன்.

அப்பொழுது நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து வெளிவந்து அதிக நாள் ஆகவில்லை. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணி. பட்டணத்து அலுவலகம் ஒன்று தான் கழித்துவிட்ட பத்துக் கணினிகளை எங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. வன்தட்டுகள் முற்றாகத் துடைக்கப்பட்டிருந்தன; இயங்குதளம் இல்லை. பத்துக் கணினிகளுக்கும் உரிமம் வாங்கப் பள்ளியில் பணமில்லை. எனவே, உபுண்டு லினக்சை நிறுவினேன். அந்நாளில் அவர்கள் உலகம் முழுவதும் குறுவட்டுகளை இலவசமாகவே அஞ்சலில் அனுப்பி வந்தனர். (அச்சேவை 2011இல் நின்றுவிட்டது.) தமிழ் எழுத்துகள் திரையில் சரியாகத் தெரிந்தன, மாணவர்கள் மகிழ்ந்தனர்.

இணையம் பள்ளி அலுவலகத்தில் மட்டுமே இருந்தது. கணினிக் கூடமோ சபைகூடும் திடலுக்கு அப்பால், துத்தநாகக் கூரை வேய்ந்த வேறொரு கட்டடத்தில். கம்பி இழுக்கக் கேட்ட விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கம்பியில்லா இணைப்பே வழி என்று முடிவு செய்து, என் சொந்தப் பணத்தில் ஓர் இணைப்பியை வாங்கி வந்து ஒரு கணினியில் செருகினேன். உடனே பச்சை விளக்கு எரிந்தது; இணையம் வந்தது. அந்த மகிழ்ச்சியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசினேன். உணவு விற்பனை நடத்திச் சேர்த்த பணத்திலிருந்து 450 ரிங்கிட் ஒதுக்கினார்கள். அதே கடை, அதே பெட்டி, அதே மாதிரிப் பெயர். ஒன்பது இணைப்பிகளை வாங்கினேன்.

ஒன்பதில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

இரண்டு வாரம் மாலை வேளைகளில் போராடினேன். அடுத்த கூட்டத்தில் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. பொருளாளர் கோபப்படவில்லை. "சார், மாட்டுனா வேல செய்யணும். ஏன் செய்யல? கணக்குல நான் என்னன்னு எழுதுறது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று பின்வரிசையில் மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கும் தந்தை ஒருவர் இருந்தார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், பேரப் பாத்து சாமான் வாங்கக்கூடாது, நம்பரப் பாக்கணும். ஒரே மோட்டார்தான், வருசம் மாறுனா உள்ளுக்குள்ள சாமான் மாறிடும்" என்றார்.

அவர் சொன்னதே சரி. பொருளாளரின் கேள்விக்கு விடையைத் தேடிச் சென்றபோதுதான் பின்வரும் வரலாறு எனக்குக் கிடைத்தது.

கம்பியில்லா வலையின் தொடக்கம்

கணினிகளைக் கம்பியின்றி இணைக்கும் முயற்சி தீவுகளில்தான் தொடங்கிற்று. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் ஆப்ராம்சனும் அவர்தம் குழுவினரும் 1971இல் அலோஹாநெட் என்னும் வலையமைப்பை வானொலி அலைகளின்வழி இயக்கிக் காட்டினர். கடல் பிரித்த தீவுகளுக்கு அது நல்ல தீர்வாக அமைந்தது.

ஆயினும், வானொலி அலையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்திவிட முடியாது, உரிமம் வேண்டும். 1985இல் அமெரிக்கக் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைப் பகுதிகளை உரிமமின்றிப் பயன்படுத்த வழிவிட்டது. நம் வீட்டு நுண்ணலை அடுப்பு வேலை செய்வதும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான். யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாத புறம்போக்கு நிலம் போன்ற அப்பகுதியில்தான் பிற்காலத்து வைஃபை வீடு கட்டிக்கொண்டது.

இதற்கான பொதுத் தரத்தை உருவாக்கும் குழுவுக்கு விக் ஹேய்ஸ் என்பார் தலைமை தாங்கினார். 1997இல் 802.11 என்னும் தரம் வெளிவந்தது. அதன் வேகம் வினாடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 1999இல் வந்த 802.11பி தரம் அதனை 11 மெகாபிட்டாக உயர்த்தியது. அதே ஆண்டில்தான் 'வைஃபை' என்னும் வணிகப் பெயரும் சூட்டப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் தன் ஐபுக் மடிக்கணினியில் கம்பியில்லா இணைப்பைக் கொண்டுவந்ததும் 1999இல்தான். 2003இல் 54 மெகாபிட் வேகம் கொண்ட 802.11ஜி வந்தது. எங்கள் பிஸ்கட் டின்னில் கிடந்தவை இத்தலைமுறையைச் சேர்ந்தவை.

யூ.எஸ்.பி. என்னும் செருகுவாய் 1996இல் வெளியிடப்பட்டது. வினாடிக்கு 480 மெகாபிட் வேகம் கொண்ட இரண்டாம் பதிப்பு 2000இல் வந்தது. அதன் பின்னரே யூ.எஸ்.பி. வழியாக விரைவான கம்பியில்லா இணைப்பு கைகூடிற்று. கணினிப் பெட்டியைத் திறக்காமலேயே வெளியிலிருந்து செருகிக்கொள்ளலாம் என்பதால், மேசைக் கணினி வைத்திருப்போர் இதனை விரும்பி வாங்கினர்.

இயக்கி என்பது யாது?

எந்தக் கருவியும் கணினியோடு பேச வேண்டுமானால் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுவே இயக்கி எனப்படும் சிறு மென்பொருள். 'இந்த அலைவரிசைக்கு மாறு', 'இந்தத் தகவலை அனுப்பு' என்று கணினி இடும் கட்டளையைச் சில்லுக்குப் புரியும் எண்களாக அது மாற்றித் தருகிறது. எந்த எண்ணை எங்கே எழுதினால் சில்லு என்ன செய்யும் என்பது அச்சில்லைச் செய்த நிறுவனத்தின் ஆவணத்தில்தான் இருக்கும்.

இங்குதான் சிக்கல் எழுந்தது. நிறுவனங்கள் விண்டோசுக்கான இயக்கியைத் தாமே எழுதிக் குறுவட்டில் வைத்துப் பெட்டியோடு கொடுத்தன. லினக்சோ 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிவைத்தது. உலகெங்கிலுமுள்ள நிரலாளர்கள் மூலநிரலைப் பகிர்ந்து வளர்த்து வருவது. அவர்கள் இயக்கி எழுத அணியமாக இருந்தனர். ஆவணந்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆவணத்தை மறைத்ததற்கு நிறுவனங்கள் இரண்டு காரணங்களைக் கூறின. ஒன்று, வணிகப் போட்டி. மற்றொன்று வானொலிச் சட்டம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அமெரிக்காவில் 1 முதல் 11 வரையிலான தடங்களே வழக்கில் உள்ளன. மலேசியா உள்ளிட்ட பல நாடுகளில் 13 வரை பயன்படுத்தலாம். 14ஆம் தடம் ஜப்பானுக்கு மட்டுமே உரியது. புதிய சில்லுகளில் இக்கட்டுப்பாட்டை மென்பொருளே செய்கிறது. மூலநிரலை வெளியிட்டால் எவரேனும் அதனை மாற்றி, அனுமதியில்லாத அலைவரிசையில் ஒலிபரப்பிவிடுவார், பழி எங்கள் மேல் விழும் என்று அவை அஞ்சின. இவ்வச்சத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆயினும், அதன் விளைவை ஏற்றவர் பொருளை விலைகொடுத்து வாங்கிய எளிய மக்களே.

தொடக்கத்தில் நிலைமை இவ்வளவு மோசமாக இல்லை. 1996 முதற்கொண்டு ழான் தூரியே என்பார் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தின் ஆதரவோடு லினக்சுக்கான கம்பியில்லாக் கருவிகளை எழுதி வந்தார். பிரிசம் வகைச் சில்லுகளுக்கு ஜௌனி மாலினென் என்னும் பின்லாந்துக்காரர் நல்ல இயக்கி ஒன்றை எழுதினார். பாதுகாப்பான கடவுச்சொல் இணைப்புக்கு இன்றளவும் லினக்சில் பெரிதும் பயன்படும் மென்பொருளைத் தொடங்கியவரும் அவரே. 2003க்குப் பின் 54 மெகாபிட் சில்லுகள் சந்தையை நிறைத்தபோதுதான் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

மூடிய கதவைத் திறந்த வழிகள்

முதல் வழி, விண்டோஸ் இயக்கியையே லினக்சில் ஓட்டுவது. 2003இல் தொடங்கிய என்டிஸ்ராப்பர் என்னும் மென்பொருள் இதனைச் செய்தது. பொன்டஸ் ஃபுக்ஸ், கிரிதர் பெம்மசானி ஆகிய இருவரும் இதன் ஆசிரியர்களாக அறியப்படுகின்றனர். விண்டோஸ் இயக்கியானது தன்னைச் சுற்றி விண்டோஸ் இருப்பதாக எண்ணிக்கொண்டு சில சேவைகளைக் கேட்கும். என்டிஸ்ராப்பர் இடையில் நின்று, லினக்சின் உதவியால் அச்சேவைகளைச் செய்து கொடுக்கும். குறுவட்டிலுள்ள இரண்டு கோப்புகளை எடுத்து வைத்தால் போதும், கருவி உயிர்பெறும். எத்தனையோ பேருக்கு அது கைகொடுத்தது.

ஆனால், உள்ளே நடப்பதை ஒருவரும் பார்க்க இயலாது. கணினி உறைந்து நின்றால் பிழை எங்கே என்று சொல்ல முடியாது. 32 பிட் இயங்குதளத்துக்கு எழுதிய இயக்கி 64 பிட் இயங்குதளத்தில் ஓடாது. இவ்வாறு மூடிய நிரலை ஏற்றிய கருநிரலை லினக்ஸ் 'கறைபட்டது' என்றே குறித்துவைக்கும். அந்நிலையில் வரும் பிழைகளைத் தீர்த்துவைக்க நிரலாளர்கள் முன்வருவதில்லை. லினக்ஸ் உலகில் இது குறித்து நெடுங்காலம் விவாதம் நடந்தது. 2008 ஜூனில் கருநிரலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மூடிய இயக்கிகள் தீங்கானவை என்று கூட்டறிக்கை வெளியிட்டனர். அவர்களின் நிலைப்பாடு எனக்கு இன்று புரிகிறது. அன்று என் கவலையெல்லாம் பொருளாளரின் கணக்கேடு பற்றியதாக இருந்தது.

இரண்டாம் வழி, பொறுமையின் வழி. பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகளுக்கு ஆவணம் கிடைக்கவில்லை. எனவே, தன்னார்வலர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்தனர். முதற்குழு மூடிய இயக்கியை ஆராய்ந்து, 'இச்சில்லு இப்படி இப்படி நடந்துகொள்கிறது' என்று விளக்கவுரை எழுதியது. இரண்டாம் குழு அந்த மூடிய இயக்கியைக் கண்ணாலும் பார்க்காமல், விளக்கவுரையை மட்டும் படித்துப் புதிய இயக்கியை எழுதியது. திருடினார்கள் என்னும் பழிச்சொல் வராதிருக்கவே இந்த ஏற்பாடு. மைக்கேல் பியூஷ் முதலியோர் உழைத்த அவ்வியக்கி 2006 ஜூனில் வெளிவந்த 2.6.17 கருநிரலில் இடம்பெற்றது. தேர்வில் பார்த்து எழுதக்கூடாது என்று மாணவருக்குச் சொல்லும் நாம், இந்நேர்மையை அவர்களுக்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

ஏதிரோஸ் சில்லுகளின் கதையும் இதனைப் போன்றதே. ஓபன்பிஎஸ்டி என்னும் மற்றொரு கட்டற்ற இயங்குதளத்தைச் சார்ந்த ரேய்க் ஃப்ளோட்டர், அச்சில்லின் மூடிய பகுதிக்கு மாற்றாகத் திறந்த நிரலை எழுதினார். அதனை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் இயக்கி, சட்ட வல்லுநர்களின் சரிபார்ப்புக்குப் பின் 2008இல் கருநிரலில் சேர்ந்தது. ஓபன்பிஎஸ்டியின் தலைவர் தியோ டி ராட் 2004 முதல் சில்லு நிறுவனங்களோடு வெளிப்படையாகவே வாதாடி வந்தார். அப்பணியையும் கருத்திற்கொண்டு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அவருக்கு 2004ஆம் ஆண்டுக்கான விருதை வழங்கிற்று.

மூன்றாம் வழி, நிறுவனங்களின் மனமாற்றம். தைவானைச் சேர்ந்த ராலிங் நிறுவனம் தன் இயக்கியின் மூலநிரலைத் தானே வெளியிட்டது. அது அத்துணைச் செம்மையாக இல்லை. எனினும், அதை வைத்துக்கொண்டு தன்னார்வலர்கள் புதிய இயக்கியைக் கட்டியெழுப்பினர். அதன் யூ.எஸ்.பி. இயக்கிகள் 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கருநிரலில் சேர்ந்தன. ஸைடாஸ் என்னும் மற்றொரு நிறுவனத்தின் யூ.எஸ்.பி. சில்லுக்கு டேனியல் டிரேக், உல்ரிக் குனிட்ஸ் ஆகியோர் எழுதிய இயக்கி 2006 செப்டம்பரிலேயே 2.6.18இல் வந்துவிட்டது. சிறு நிறுவனங்கள் கதவைத் திறந்தன. பெரிய நிறுவனங்கள் பல தயங்கின என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

ஒரு நீலப் பெட்டியின் கதை

இவ்வரலாற்றில் சுவையான பகுதி ஒன்று உண்டு. 2002இன் இறுதியில் லிங்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்னும் நீலமும் கறுப்பும் கலந்த திசைவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003இல் சிஸ்கோ நிறுவனம் லிங்சிஸை வாங்கியது. அதே ஆண்டு ஜூனில், அப்பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ்தான் என்பதை ஆண்ட்ரூ மிக்லாஸ் என்பார் கருநிரலாளர்களுக்குச் சுட்டிக்காட்டினார். லினக்சின் உரிமப்படி, அதனை விற்பவர் மூலநிரலையும் தர வேண்டும், ஆனால், தரப்படவில்லை. வேண்டுகோள்களுக்குப் பின் 2003இல் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதிலிருந்தே 2004இல் ஓபன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம் பிறந்தது. இன்றும் நூற்றுக்கணக்கான திசைவி வகைகளில் அது ஓடுகிறது.

இதிலுள்ள முரணைப் பாருங்கள். திசைவிக்குள் லினக்ஸ் ஓடியது. அதே திசைவியின் வானொலிச் சில்லுக்கான இயக்கியோ மூடியே இருந்தது. நிறுவனத்துக்கு லினக்ஸ் பயன்பட்டது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு அந்நிறுவனத்தின் சில்லு பயன்படவில்லை.

2007க்குப் பின் வந்த மாற்றம்

அதுவரை இயக்கிகள் பல, பெரும்பாலான வேலைகளைத் தனித்தனியே செய்து வந்தன. டிவைஸ்கேப் என்னும் நிறுவனம் நன்கொடையாக அளித்த நிரலைச் செப்பனிட்டு, எல்லா இயக்கிகளுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்று 2007 ஜூலையில் வெளிவந்த 2.6.22 கருநிரலில் அமைக்கப்பட்டது. பொது வேலைகளை இது பார்த்துக்கொண்டதால், புதிய இயக்கி எழுதுவது எளிதாயிற்று. அடுத்த ஈராண்டுகளில் இயக்கிகள் பல வரிசையாக வந்தன.

2008இல் ஏதிரோஸ் நிறுவனமே மனம் மாறி, தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது. 2010இல் பிராட்காமும் தன் சில சில்லுகளுக்கு அவ்வாறே செய்தது. வானொலிச் சட்டம் குறித்த அச்சத்துக்கும் தீர்வு காணப்பட்டது: ஒவ்வொரு நாட்டின் விதிகளையும் ஒரு பட்டியலாகத் தொகுத்து, லினக்சே அதனைப் பின்பற்றுமாறு செய்துவிட்டனர்.

ஆயினும், ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. பல யூ.எஸ்.பி. இணைப்பிகளில் நிலையான நினைவகம் இல்லை. செலவைக் குறைக்க அவ்வாறு செய்கிறார்கள். எனவே, ஒவ்வொரு முறை செருகும்போதும் நிலைபொருள் என்னும் சிறு நிரலைக் கணினி அதற்குள் ஏற்ற வேண்டும். அந்நிரல் பெரும்பாலும் மூடியது. அதைச் சேர்த்துக் கொடுக்கலாமா, கூடாதா என்பதில் லினக்ஸ் வெளியீட்டாளர்கள் வேறுபட்டனர். கொள்கையில் உறுதியான டெபியன் நெடுங்காலம் அதைத் தனியே வைத்திருந்தது. இணையம் வேண்டுமானால் நிலைபொருள் வேண்டும்; நிலைபொருளைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இந்நிலையில் தவித்தோர் ஏராளம். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி நிலைபொருளைச் சேர்க்க முடிவெடுத்தனர்; 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. மாறாக, ஒரு யூ.எஸ்.பி. சில்லின் நிலைபொருள் 2013இல் முழுமையாகத் திறக்கப்பட்டதும் உண்டு; அது ஏதிரோசின் ஏஆர்9271.

அந்த ஒன்பது இணைப்பிகள்

இப்பொழுது எங்கள் பள்ளிக்கு வருவோம். பட்டறைக்காரர் சொன்ன 'நம்பர்' எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஒவ்வொரு யூ.எஸ்.பி. கருவியும் செருகியவுடன் தன் அடையாள எண்ணைச் சொல்லும். முதல் நான்கு இலக்கங்கள் நிறுவனத்தையும், அடுத்த நான்கு கருவியையும் குறிக்கும். எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்னும் கட்டளையை இட்டால் அது திரையில் தெரியும். நான் முதலில் வாங்கிய இணைப்பிக்கு ஓர் எண்; பிறகு வாங்கிய ஒன்பதுக்கும் வேறோர் எண்! உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், அடிப்புற ஒட்டுத்தாளில் பதிப்பு எழுத்து மட்டும் மாறியிருந்தது. பெட்டியும் பெயரும் நிறமும் மாறவில்லை. உள்ளிருந்த சில்லு முற்றிலும் வேறு. அந்தப் புதிய சில்லுக்கு எங்கள் கருநிரலில் இயக்கி இல்லை.

காரணம் தெரிந்தபின் வழியும் தெரிந்தது. குறுவட்டிலிருந்த விண்டோஸ் இயக்கியை என்டிஸ்ராப்பர் மூலம் ஏற்றினேன். ஒன்பதும் உயிர்பெற்றன. சில நாள்களில் ஏதேனும் ஒரு கணினி திடீரென உறைந்து நிற்கும், மீண்டும் தொடங்குவோம். இயங்குதளத்தை மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒன்பது கணினிகளிலும் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. உலோகப் பெட்டிக்குப் பின்னால் செருகினால் அலை பலவீனமாக இருந்தது. ஒன்றரை மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் இணைத்துச் சன்னல் ஓரம் வைத்தபோது நன்றாகக் கிடைத்தது. இதைச் சொன்னவன் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன். வீட்டுத் தொலைக்காட்சிக்கு அவன் தந்தை அப்படித்தான் செய்வாராம்.

ஓராண்டு கழிந்தது. புதிய பதிப்பை நிறுவிவிட்டு, வழக்கம்போல் என்டிஸ்ராப்பரை ஏற்ற உட்கார்ந்தேன். அதற்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சில்லுக்கான திறந்த இயக்கியை எவரோ எழுதி முடித்துக் கருநிரலில் சேர்த்திருந்தார். தோட்டப்புறப் பள்ளி ஒன்றில் ஒன்பது கணினிகள் காத்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அடுத்த கூட்டத்தில் பொருளாளரின் கேள்விக்கு விடை சொன்னேன்: "பொருளை விற்றவர் உள்ளே இருப்பதைச் சொல்லவில்லை, வாங்கிய நானும் கேட்கவில்லை." அவர் சிரித்துக்கொண்டே, "அப்படியே எழுதிடுறேன் சார்" என்றார்.

இன்று வாங்குவோருக்கு

நிலைமை இன்று மிகவும் மேம்பட்டிருக்கிறது. எனினும், பழைய சிக்கல் முற்றாக ஒழியவில்லை. மலிவான பல இணைப்பிகளில் உள்ள ரியல்டெக் சில்லுகள் சிலவற்றுக்கு நெடுங்காலம் கருநிரலில் இயக்கி இல்லாதிருந்தது. ஜெஸ் சோரென்சன் எழுதிய இயக்கி 2016இலும், புதிய தலைமுறைச் சில்லுகள் சிலவற்றின் யூ.எஸ்.பி. ஆதரவு 2023இல் வந்த 6.2 கருநிரலிலும் சேர்ந்தன. இச்சில்லுகளுக்காகப் பல்லாண்டு உழைத்தவர் லாரி ஃபிங்கர். பிராட்காம் காலத்திலிருந்தே இயக்கிகளைப் பராமரித்து, முதுமையிலும் யார் கேட்டாலும் உதவி வந்த அவர் 2024 ஜூனில் காலமானார். எங்கள் கூடத்துக் கணினிகள் இரண்டு அவர் கைபட்ட நிரலால்தான் இன்றும் இணையத்தைத் தொடுகின்றன.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ லினக்ஸ் கணினிக்கு இணைப்பி வாங்குவதானால், கீழ்க்காண்பவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

1. மாதிரிப் பெயரோடு பதிப்பு எண்ணையும் பாருங்கள். புகழ்பெற்ற டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் இணைப்பியின் முதற்பதிப்பில் ஏதிரோஸ் சில்லும் இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சில்லும் இருந்தன.

2. சில்லின் பெயரை அறிந்து, அதன் இயக்கி கருநிரலிலேயே உள்ளதா என்று வாங்குவதற்கு முன் தேடுங்கள். ஏஆர்9271 போன்ற பழைய சில்லுகளும், மீடியாடெக்கின் எம்டி76 குடும்பத்து யூ.எஸ்.பி. சில்லுகளும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை.

3. செருகியும் வேலை செய்யாவிட்டால், முதலில் அடையாள எண்ணைப் பாருங்கள். பிறகு டிமெசேஜ் எனப்படும் கருநிரல் குறிப்பைப் படியுங்கள். நிலைபொருள் கிடைக்கவில்லை என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும். சில இணைப்பிகள் முதலில் தம்மைக் குறுவட்டாகக் காட்டிக்கொள்ளும்; உள்ளே விண்டோஸ் இயக்கி வைத்திருப்பார்கள். அதனை 'வெளியேற்று' என்று சொன்னால் உண்மை உருவம் வெளிப்படும்.

4. பத்து வாங்க வேண்டுமானால், பத்தையும் ஒரே நேரத்தில் வாங்குங்கள். ஒன்றைப் பிரித்துப் பார்த்து எண் சரிதானா என்று உறுதி செய்தபின் மற்றவற்றைப் பிரியுங்கள். இது நான் 450 ரிங்கிட் செலவில் கற்ற பாடம்.

நிறைவாக

பிஸ்கட் டின்னிலிருந்து ஓர் இணைப்பியை எடுத்து, இன்றைய லினக்ஸ் ஓடும் கணினியில் செருகிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அதனோடு வந்த குறுவட்டு இன்றைய விண்டோசுக்கு உதவாது. ஆனால், திறந்த மனத்தோடு எவரோ எழுதி, மற்றவர்கள் பேணி வந்த இயக்கி இன்றும் வேலை செய்கிறது.

நான் அந்தப் பத்தையும் தூக்கி எறியவில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, "இவற்றுள் ஒன்று மட்டும் வேறு, கண்டுபிடியுங்கள்" என்று சொன்னேன். எல்லாரும் மேலே அச்சிட்ட பெயரைப் படித்துவிட்டு, "எல்லாம் ஒன்றுதான் ஐயா" என்றார்கள். ஒரு மாணவி மட்டும் திருப்பிப் பிடித்து, அடிப்புறத்துச் சிறு எழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தாத்தாதான் அன்று என்னிடம் பேசிய பட்டறைக்காரர்.